கீரைப் பாத்திக்கு யார் காவல்?

நெருக்கடி வரும்போதெல்லாம் அரசுக்கு வீட்டுத்தோட்டம் ஞாபகம் வருகிறது. கலகெதரயில் அந்த ஞாபகம் எத்தனை நாள் தாங்குகிறது? அது போன பிறகு பாத்தியில் மிஞ்சுவது என்ன?

2025 மார்ச் 15, சனிக்கிழமை, காலை எட்டு மணி. நோன்பு மாதம். கலகெதர மடிகேயில் ஸஹர் முடித்துச் சற்றுக் கண்ணயரும் நேரம். அந்த நேரத்தில் வளவுகளுக்குள் ஆட்கள் கடதாசியும் பேனையுமாக நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். பலாவில் எத்தனை, தென்னையில் எத்தனை, கூரைத் தகரத்தில் எத்தனை என்று எண்ண வேண்டும். குரங்கு, மந்தி, மயில், மர அணில் எல்லாவற்றையும். 8.05க்குப் பேனையை மூடிவிடலாம். நாடு முழுவதும் ஒரே நேரத்தில் நடந்த ஐந்து நிமிடக் கணக்கெடுப்பு அது.

வெளிநாட்டுப் பத்திரிகைகள் அதை வேடிக்கைச் செய்தியாகப் போட்டன. உள்ளூரிலும் சிரிப்புக்குக் குறைவில்லை. அதற்கு ஒரு மாதம் முன்பு, பெப்ரவரி 9ஆம் திகதி, பாணந்துறை துணை மின் நிலையத்தில் ஒரு குரங்கு செய்த வேலையால் நாடே இருளில் மூழ்கியதென்று அமைச்சர் சொன்ன கதை அப்போது இன்னும் சூடாறவில்லை. சிரிக்க மனம் வராதவர்கள் ஒரு பகுதியினர் இருந்தார்கள். அடுப்படிக்குப் பின்னால் நாலு முழப் பாத்தியில் பசளியும் வல்லாரையும் வைத்திருப்பவர்கள். எண்ணி முடித்த பிறகு என்ன செய்யப் போகிறீர்கள் என்பதுதான் அவர்களுடைய கேள்வி.

வீட்டில் கீரை வளர்ப்பது எப்படி என்று கேட்டால் பதில் அரைப் பக்கத்தில் அடங்கிவிடும். எடுத்தவுடன் வளரும் பயிர் அது. அது ஏன் நிலைப்பதில்லை, எங்கே நிலைக்கிறது என்று பார்க்கப் போனால்தான் விஷயம் நீள்கிறது.

கணவாயின் மேல் ஒரு காட்டுத்தோட்டம்

கட்டுகஸ்தோட்டையிலிருந்து குருநாகல் போகும் பாதையில், மலைநாடு முடிந்து சமவெளிக்கு இறங்கும் விளிம்பில் இருக்கிறது கலகெதர. கண்டி இராச்சியத்துக்கு இது ஒரு வாசல். 1803இல் ஜெனரல் மக்டொவலின் படை கண்டியை நோக்கி ஏறியபோது கலகெதரயிலும் கிரிஹாகமவிலும் இருந்த காவல் அரண்களைப் பிடித்துத்தான் மேலே போனது. மன்னர் காலத்தில் மாட்டுத் தவளங்களில் உப்பும் கருவாடும் பாக்கும் ஏற்றி இறக்கிய போக்குவரத்துப் பிரிவுக்கு ‘மடிகே’ என்று பெயர். அதில் சேவகம் செய்த முஸ்லிம் குடும்பங்களின் ஊர்களுக்கும் அந்தப் பெயர் நிலைத்தது. இன்று இந்தப் பகுதியில் தமிழ் பேசுகிறவர்களில் பெரும்பாலானோர் முஸ்லிம்கள். வேலிக்கு அந்தப் பக்கம் சிங்களக் குடும்பம். இரண்டு வளவிலும் நிற்கும் மரங்கள் ஒன்றே.

அந்த மரங்களைப் பார்க்க உலகத்தின் பல மூலைகளிலிருந்தும் ஆட்கள் வந்திருக்கிறார்கள். ‘கண்டியத் தோட்டம்’ என்ற பெயரில் வேளாண் காடுகள் பற்றிய ஆய்வுகளில் இதற்குத் தனி இடம் உண்டு. 1987இலேயே இதைப் பற்றி விரிவான ஆய்வுக் கட்டுரை சர்வதேச இதழொன்றில் வந்துவிட்டது. உச்சியில் தென்னை, கமுகு, கித்துள். அதற்குக் கீழே பலா, மா, ஆனைக்கொய்யா. இன்னும் கீழே கராம்பு, சாதிக்காய், முள்முருங்கையில் படர்ந்த மிளகு. நிழலில் கோப்பி, வாழை, மஞ்சள், இஞ்சி, சேம்பு. தூரத்திலிருந்து பார்த்தால் காடு, உள்ளே போனால் வீடு.

ஆய்வாளர்கள் மெச்சும் இந்த அடுக்குமுறையில் கீரைக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. கீரைக்கு வெயில் வேண்டும். அடர்ந்த கண்டியத் தோட்டத்தில் தரைக்கு வரும் வெயில் சல்லடையில் சலித்த வெயில்தான். அதனால் இலைக்கறி எப்போதும் தோட்டத்தின் நடுவில் இருப்பதில்லை. கிணற்றடி, குசினியின் பின்பக்கம், பாத்திரம் கழுவும் கல்லடி, வேலி என்று வெளிச்சமும் தண்ணீரும் சந்திக்கிற ஓரங்களில்தான் இருக்கும். வல்லாரையும் பசளியும் அரை நிழலைப் பொறுத்துக்கொள்ளும். கங்குனுக்கு ஈரக்கால் போதும். பொன்னாங்காணி ஒடித்து வைத்த இடத்தில் வேர்விடும். முருங்கையும் அகத்தியும் மட்டும் வெயிலுக்காகத் தலையை வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும்.

இந்த ஓரங்களைத்தான் எந்த அரசாங்கத் திட்டமும் கண்ணில் காண்பதில்லை. திட்டம் வரும்போது ‘தோட்டம்’ என்று ஒரு நீள்சதுரத்தை அளந்து காட்டச் சொல்கிறார்கள்.

பெட்டிச் செய்தி: பசளி, ஒரு சாண் தண்டு போதும்

ஆங்கிலச் சமையல் குறிப்புகளில் வரும் ஸ்பினாச் குளிர்நாட்டுப் பயிர். சூடு ஏறினாலும் பகல் நீண்டாலும் இலையை விட்டுவிட்டுப் பூக்கப் போய்விடும். கலகெதரச் சூட்டில் அதோடு மல்லுக்கட்டுவதில் பயனில்லை. இங்கே அந்த இடத்தை நிரப்புவது கொடிப்பசளி. சிங்களத்தில் நிவித்தி. இரண்டும் தாவரவியலில் வெவ்வேறு குடும்பம்.

பச்சைத் தண்டு, செந்தண்டு என இரண்டு வகை. ஒரு சாண் நீளத் தண்டை மூன்று நான்கு கணுவோடு வெட்டி, இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி சரித்து நட்டால் போதும். விதை என்றால் ஓர் இரவு ஊறவைக்க வேண்டும். ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் பறிப்பு.

பகல் 13 மணி நேரத்துக்குக் குறைவாக இருந்தால் பசளி பூக்கும். இலங்கையின் மிக நீண்ட பகலே சுமார் பன்னிரண்டரை மணி நேரம்தான். ஆகவே இங்கே அது எந்த மாதமும் பூக்கத் தயாராகவே இருக்கும். நுனியைக் கிள்ளக் கிள்ளத்தான் இலை. இரண்டு வாரம் பறிக்காமல் விட்டால் கருநீலப் பழமும் நாராகிப்போன தண்டும் மிஞ்சும்.

விவசாயத் திணைக்களத்தின் ஆலோசனைத் தொலைபேசி எண் 1920.

வெள்ளிக்கிழமைத் தோட்டக்காரர்கள்

2022 ஜூன் மாதம் யாருக்கும் மறந்திருக்காது. கடனைக் கட்ட முடியாதென்று ஏப்ரல் 12ஆம் திகதி அரசு கைவிரித்துவிட்டது. பெற்றோல் வரிசை, காஸ் வரிசை, பால்மா வரிசை. அந்தக் கலவரத்துக்கு நடுவே அமைச்சரவை ஒரு முடிவெடுத்தது. அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. வீட்டில் இருந்து பயிர் செய்யுங்கள். மூன்று மாதத்துக்கு இப்படி.

முடிவுக்குப் பின்னால் ஒரு கணக்கு இல்லாமல் இல்லை. வேலைக்குப் போக எரிபொருள் இல்லை, வீட்டில் இருந்தால் பஸ் ஓட வேண்டியதில்லை, இருக்கிற நேரத்தில் மண்வெட்டியைத் தூக்கட்டும் என்று நினைத்திருப்பார்கள். அந்த ஆண்டு செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம். முந்தின ஆண்டு நூறு ரூபாய்க்கு வாங்கியது கிட்டத்தட்ட இருநூறு. அதே காலத்தில் உணவு விவசாய நிறுவனமும் உலக உணவுத் திட்டமும் சேர்ந்து வெளியிட்ட மதிப்பீட்டில், 63 இலட்சம் பேர் போதிய உணவு நிச்சயமில்லாமல் இருப்பதாகச் சொல்லப்பட்டது.

ஆனால் வெள்ளிக்கிழமை மட்டும் தோட்டக்காரராக இருப்பவரைக் கீரை பொறுப்பதில்லை. பாத்திக்கு அன்றாடம் ஆள் வேண்டும். திங்கட்கிழமை வந்த புழு வெள்ளிக்கிழமை வரை காத்திருக்காது. அதிலும் ஜும்ஆவுக்குப் போகிறவருக்கு வெள்ளிக்கிழமை அரை நாள்தான்! வேடிக்கை என்னவென்றால், தோட்டத்துக்காக விடுமுறை வாங்கிய அரச ஊழியர்களில் பலர் மாடி வீட்டிலோ வாடகை அறையிலோ இருப்பவர்கள். அன்றாடம் மண்ணில் நிற்கிற வீட்டுப் பெண்களுக்கும் கூலிக்காரருக்கும் அந்தச் சுற்றறிக்கையில் எதுவும் இல்லை.

அதற்கு முந்தைய ஆண்டின் காயமும் ஆறவில்லை. 2021 ஏப்ரல் கடைசியில் இரசாயன உர இறக்குமதி ஒரே வீச்சில் தடைசெய்யப்பட்டது. நவம்பரில் தடை தளர்ந்தது. நெல்லும் தேயிலையும் பட்ட அடி ஊரறிந்தது. குசினி ஓரத்துப் பாத்திக்கு அதில் பெரிய இழப்பு எதுவும் வரவில்லை, ஏனென்றால் அது எப்போதும் சாம்பலிலும் சாணியிலும் அரிசி கழுவிய தண்ணீரிலும் வளர்வது. மாறாக, மரக்கறி விலை ஏறியபோது அந்த ஓரம் பல வீடுகளில் ஒரு கறியைக் காப்பாற்றிக் கொடுத்தது. பருப்பு வாங்க முடிந்த நாளில் பருப்போடு பசளி, முடியாத நாளில் தேங்காய்ப்பூ போட்டு ஒரு சுண்டல். தேங்காயும் விலையேறிய நாட்களில் வெங்காயமும் மிளகாயும் போட்டு வதக்கினால் போயிற்று.

பெட்டிச் செய்தி: அரசு சொல்லி நட்ட தோட்டங்கள்

1940கள்: யுத்தக் காலம். பர்மா அரிசி வரத்து நின்றதும் அரிசிப் பங்கீடு. ‘அதிகம் பயிரிடுங்கள்’ என்ற பிரசாரம். மரவள்ளிக்கிழங்கு சோற்றுக்குப் பதிலாக ஏறியது அப்போதுதான்.

1973–74: இறக்குமதிக் கட்டுப்பாடு, பங்கீட்டு வெட்டு. நாடெங்கும் பயிர்ச் ‘சங்கிராமம்’. பயிரிட நிலமில்லாத பெருந்தோட்டங்களில் பட்டினிச் சாவுகள்.

2007: ‘அபி வவமு, ரட்ட நகமு’. நாம் பயிரிடுவோம், நாட்டைக் கட்டியெழுப்புவோம்.

2011: ‘திவிநெகும’. பத்து இலட்சம் குடும்பங்கள் என்ற இலக்கு.

2020: கொரோனா முடக்கத்தின்போது ‘சௌபாக்யா’. மறுபடியும் பத்து இலட்சம் வீட்டுத்தோட்டங்கள்.

2022: வெள்ளிக்கிழமை விடுமுறை.

இந்த வரிசையைப் பார்க்கும்போது எனக்கு ஒன்று தோன்றுகிறது. ஒவ்வொரு முறையும் திட்டம் விதைப் பைக்கற்றோடு வருகிறது. கத்தரி, மிளகாய், தக்காளி, போஞ்சி. நட்டவர் அந்த விதையை அடுத்த போகத்துக்கு எடுத்து வைத்தாலும் கலப்பின விதை என்றால் பழைய மாதிரி வருவதில்லை. பைக்கற் நின்றவுடன் தோட்டமும் நிற்கும். பசளிக்கும் பொன்னாங்காணிக்கும் வல்லாரைக்கும் கங்குனுக்கும் எந்தப் பைக்கற்றும் தேவையில்லை. பக்கத்து வீட்டு வேலியால் ஒரு கட்டுத் தண்டு கைமாறினால் போதும். அப்படிக் கைமாறி வந்த கொடிக்கு வயது இருபதா முப்பதா என்று வீட்டுக்காரருக்கே தெரியாது. திட்டம் எதிலும் எழுதப்படாத தோட்டம்தான் ஆறு திட்டங்களையும் தாண்டி நிற்கிறது. கன்னொருவையில் தோட்டக்கலைப் பயிர் ஆராய்ச்சி நிறுவனமும் தாவர மரபுவள நிலையமும் இந்த ஊரிலிருந்து கூப்பிடு தூரம் என்று சொல்லலாம். பைக்கற்றுக்குச் செலவிடும் காசில் ஒரு பங்கை, ஊர்ப் பசளியிலும் வல்லாரையிலும் நல்ல தண்டைத் தேர்ந்து ஒவ்வொரு கமநல சேவை நிலையத்திலும் ஒரு நாற்றுப் பாத்தி வைப்பதற்குக் கொடுத்திருந்தால் என்ன?

பழத்துக்கு ரிலவா, இலைக்கு மந்தி

காவல் கதைக்கு வருவோம்.

ரிலவா என்று இங்கே எல்லோரும் சொல்லும் செங்குரங்கு இலங்கையில் மட்டுமே உள்ள இனம். உலகில் வேறெங்கும் இல்லை. பொலன்னறுவையில் 1968இலிருந்து அவற்றை வருடக்கணக்காகப் பின்தொடர்ந்து ஆராய்ந்தவர் வொல்ஃப்காங் டிட்டஸ். கண்டிப் பக்கத்து வளவுகளில் அவற்றை ஆராய யாரும் வெளியூரிலிருந்து வரத் தேவையில்லை, ஒவ்வொரு வீட்டிலும் ஒரு நிபுணர் இருக்கிறார். எத்தனை மணிக்கு எந்தக் கூட்டம் வரும், அதில் காது கிழிந்த தலைவன் எந்தப் பக்கத்தால் இறங்குவான் என்று கேட்டால் சொல்வார்கள்.

2023 ஏப்ரலில் அப்போதைய விவசாய அமைச்சர் மஹிந்த அமரவீர ஒரு இலட்சம் ரிலவாக்களைச் சீனாவுக்கு அனுப்புவது பற்றிப் பேசினார். வனவிலங்கு அமைப்புகள் நீதிமன்றம் போயின. அந்த யோசனை அங்கேயே கைவிடப்பட்டது. பிறகு வந்ததுதான் 2025இன் ஐந்து நிமிடக் கணக்கெடுப்பு.

கொள்கை விவாதம் இப்படிப் போய்க்கொண்டிருக்க, வளவில் வேறொன்று நடந்துவிட்டது. மக்கள் பயிரை மாற்றிக்கொண்டார்கள். ரிலவாவுக்கு இளநீர்க் குரும்பை, மா, கொய்யா, பூசணிப் பிஞ்சு எல்லாம் வேண்டும். மிளகாய், கறிவேப்பிலை, மஞ்சள், வல்லாரை பக்கம் அவ்வளவாகப் போவதில்லை. ஆகவே பூசணியும் பயற்றங்காயும் இருந்த இடத்தில் இப்போது இலைக்கறி. ஆசையில் நட்டதென்று இதைச் சொல்ல முடியாது. வேறு எதுவும் மிஞ்சாததால் நட்டது. பலாவிலும் தென்னையிலும் வந்த வருமானம் போனதற்கு ஒரு கட்டு வல்லாரை ஈடாகாது என்பதை எண்ணிக்கைப் படிவத்தில் எழுத இடமிருக்கவில்லை.

மந்தி வேறு ரகம். அதன் சாப்பாடே இலை. முருங்கைத் தளிரும் அகத்திப் பூவும் அதற்குப் பந்தி. பசளிக் கொடியைச் சாப்பிடுவதைவிட இழுத்துப் போடுவதுதான் அதிகம். மயில் இன்னொரு புதுக் கதை. மயில் வரண்ட வலயத்துப் பறவை என்றுதான் பள்ளிக்கூடத்தில் படித்தோம். கடந்த சில பத்தாண்டுகளில் அது ஈர வலயத்துக்குள்ளும் ஏறி வந்திருக்கிறது. குருநாகல் பக்கத்திலிருந்து கணவாய் ஏறினால் முதலில் எதிர்ப்படுவது கலகெதர. விதை போட்ட பாத்தியைக் காலால் கிளறிவிட்டுப் போக ஒரு மயில் போதும்.

சின்னஞ்சிறிய எதிரிகளுக்கும் நீண்ட வரலாறு உண்டு. 2020 மே மாதத்தில் மலைக்குக் கீழே மாவத்தகமவில் மஞ்சள் புள்ளி வெட்டுக்கிளிகள் கூட்டமாகக் கிளம்பின. அப்போது இந்தியாவைப் பாலைவன வெட்டுக்கிளி தின்றுகொண்டிருந்ததால் இங்கேயும் பீதி. அது வேறு இனம், இந்தப் பிராந்தியத்திலேயே இருப்பது என்று விவசாயத் திணைக்களம் விளக்க வேண்டியதாயிற்று. கீரைப் பாத்தியில் இரவோடிரவாக வேலை பார்க்கும் பெரிய ஆபிரிக்க நத்தை வந்த வழி இன்னும் சுவையானது. 1900ஆம் ஆண்டளவில் வட்டவளைத் தேயிலைத் தோட்டத்தில் ஒலிவர் கொலெட் என்ற இயற்கை ஆர்வலர் ஆசைக்காகக் கொண்டுவந்து விட்டது. இன்று மழைக்கால இரவில் டோர்ச் அடித்துப் பார்த்தால் பசளியின் ஒவ்வொரு இலையிலும் ஒன்று. பொறுக்கி உப்புத் தண்ணீரில் போடுவதுதான் இன்றுவரை நம்பகமான மருந்து. கையுறை போட்டுக்கொண்டு பொறுக்குங்கள். காரணம் கீழே வருகிறது.

சட்டிக்குள் போன பிறகு

கீரை என்றால் இரும்புச்சத்து என்று சொல்லிக் கொடுத்தே வளர்க்கப்பட்டோம். பசளி அந்தப் பரீட்சையில் முதலிடம் வாங்காது. பச்சையாக 100 கிராம் பசளியில் இரும்பு ஏறத்தாழ 1.2 மில்லிகிராம், குளிர்நாட்டு ஸ்பினாச்சில் 2.7. ஆனால் பசளியில் விட்டமின் சி 100 மில்லிகிராமைத் தொடுகிறது, ஸ்பினாச்சில் அதன் மூன்றில் ஒரு பங்குகூடத் தேறாது. இலையில் இருக்கும் இரும்பை உடல் உறிஞ்சுவது கடினம். விட்டமின் சி பக்கத்தில் இருந்தால் அந்த வேலை எளிதாகும். சூட்டில் அந்த விட்டமின் அழிந்துபோகும். சுண்டலை அடுப்பில் இரண்டு நிமிடம் பிரட்டி இறக்கி, மேலே தேசிக்காய் பிழிகிற பழக்கத்தில் எவ்வளவு விவரம் இருக்கிறது பாருங்கள். மாசி சேர்த்தால் இன்னும் நல்லது, மீனில் உள்ள இரும்பு எளிதில் சேரும், இலையின் இரும்பையும் கூட்டிக்கொண்டு போகும்.

அந்த வேலை முழுவதையும் கெடுப்பது சாப்பாடு முடிந்த கையோடு குடிக்கும் பிளேன்டீ. தேயிலையில் உள்ள டெனின் வகைச் சத்துகள் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தேயிலை விளையும் நாட்டில் இதைச் சொல்வது கொஞ்சம் தர்மசங்கடம்தான். ஒரு மணி நேரம் பொறுத்துக் குடித்தால் போதும். கர்ப்பிணிகளுக்கும் பருவமடைந்த பிள்ளைகளுக்கும் கிளினிக்கில் குடும்ப நல உத்தியோகத்தர் இரும்பு மாத்திரையோடு சொல்லி அனுப்பும் புத்திமதியும் அதேதான். சிறுநீரகக் கல் உள்ளவர்கள் பசளியை அளவோடு வைத்துக்கொள்ள வேண்டும், அதில் ஒக்சலேற் அதிகம். அவித்துத் தண்ணீரை ஊற்றிவிட்டால் அதில் ஒரு பகுதி போய்விடும்.

பச்சையாகச் சாப்பிடும் வல்லாரைச் சம்பலும் இலைக்கஞ்சியும் இன்னொரு பிரச்சினை. மேலே சொன்ன நத்தையின் சளியில் எலி நுரையீரல் புழுவின் குஞ்சுகள் இருக்கக்கூடும். மனிதருக்குள் போனால் அது மூளையுறைக் காய்ச்சலை உண்டாக்கும் புழு. கடையில் வாங்கும் கட்டாக இருந்தாலும் வீட்டுப் பாத்தியாக இருந்தாலும் ஒவ்வொரு இலையாக ஓடும் தண்ணீரில் கழுவாமல் சம்பல் அரியக் கூடாது. ‘நம்ம தோட்டம்தானே’ என்ற நம்பிக்கைதான் இங்கே ஆபத்து.

அதற்காகக் கடைக் கட்டு பாதுகாப்பானது என்று அர்த்தமில்லை. கொழும்பு மாவட்டத்தில் விற்பனைக்கு வரும் கீரைகளை ஆராய்ந்து 2014இல் வெளியான ஓர் ஆய்வில் ஈயம், கட்மியம் போன்ற உலோகங்கள் பாதுகாப்பு வரம்பைத் தாண்டிய மாதிரிகள் இருந்தன. நகரச் சதுப்பிலும் பெருந்தெரு ஓரத்திலும் கழிவுநீர் வாய்க்காலிலும் வளரும் கீரைக்கு அது வரும். கண்டி நகரத்து வீடுகளில் பொலித்தீன் பையில், பழைய வாளியில், மொட்டைமாடியில் கீரை வளர்க்கத் தொடங்கியவர்கள் பலர் இந்தப் பயத்தில்தான் தொடங்கினார்கள். மண் எங்கிருந்து வந்தது என்று தெரிந்திருந்தால் அந்த வாளி நல்ல வாளி.

தண்ணீர் ஊற்றுவது யார்?

வீட்டுத்தோட்டப் புகைப்படங்களைக் கவனியுங்கள். அதிகாரி நடுவில் நாற்றைக் கையளிப்பார். வாங்குவது குடும்பத் தலைவர். படம் எடுத்து முடிந்த பிறகு தண்ணீர் ஊற்றுவது வேறொருவர்.

காலை ஐந்தரைக்கு எழுந்து பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, குசினி ஒதுக்கி, துணி துவைத்து, அந்தத் தண்ணீரில் சவர்க்காரம் கலக்காததை மட்டும் பிரித்துப் பாத்திக்கு விட்டு, மாலையில் ரிலவா விரட்டி, இரவில் நத்தை பொறுக்கி... இது யாருடைய நேரக் கணக்கிலும் வேலையாக எழுதப்படுவதில்லை. ஒரு கட்டுக் கீரை வாங்காமல் மிச்சமான காசு கண்ணுக்குத் தெரியும், அதற்குச் செலவான நேரம் தெரியாது. கண்டியிலோ குருநாகலிலோ கடை வேலைக்கு, ஆடைத் தொழிற்சாலைக்குப் போகும் பெண்கள் உள்ள வீடுகளில் பாத்தி காய்கிறது. பராமரிப்பது உம்மாவோ மாமியோ என்றால், அவர்களுக்கு முழங்கால் நோகத் தொடங்கும் வயதில் பாத்தியும் முடிகிறது. ‘இளம் தலைமுறைக்கு ஆர்வமில்லை’ என்று கூட்டங்களில் பேசுவோர் அவர்களுடைய பஸ் நேரத்தை ஒருமுறை பார்த்துவிட்டுப் பேசலாம்.

இந்த உழைப்புக்குக் காப்புறுதியும் கிடையாது. நெல், சோளம், மிளகாய், பெரிய வெங்காயம், உருளைக்கிழங்கு, சோயா என்று குறிப்பிட்ட பயிர்களுக்கு அரச பயிர்க் காப்புறுதி இருக்கிறது. வீட்டு வளவின் இலைக்கறிக்கு அப்படி எதுவும் இல்லை, குரங்கு அழித்த பாத்திக்கு முறைப்பாடு கொடுக்க ஒரு படிவமும் இல்லை. சந்தைக்குப் போகாத பயிர் பயிரே அல்ல என்பதுதான் அலுவலகக் கணக்கு.

பேர்ச் கணக்கு

கண்டியத் தோட்டம் அழிந்துவருகிறது என்று சொன்னால் கோடரியோடு யாரோ வந்ததாகத் தோன்றும். பெரும்பாலும் அழிப்பது காணி உறுதிதான். ஒரு ஏக்கர் என்பது 160 பேர்ச். நான்கு பிள்ளைகளுக்குப் பிரித்தால் ஆளுக்கு 40. அவர்களுடைய நான்கு பிள்ளைகளுக்கு 10. பத்துப் பேர்ச்சில் வீடும் மலசலகூடக் குழியும் முச்சக்கர வண்டி திரும்ப இடமும் போக, மேலடுக்கு மரங்கள் முதலில் விழும். பலா விழுந்தால் கீரைக்கு வெயில் வருகிறது என்பது கொடுமையான ஆதாயம். அதோடு சரிவு நிலத்தைப் பிடித்து வைத்திருந்த வேரும் போகிறது. அடுத்த மழையில் பாத்தியின் மேல்மண் கீழ்வளவுக்குப் போய்விடும். வேலியில் கிளிசரியா நட்டு, கழித்த இலையைப் பாத்திக்கு மூடாக்காகப் போடுவதுதான் மலிவான தடுப்பு. 2005இல் அரசு கிளிசரியாவைத் தேயிலை, இறப்பர், தென்னைக்கு அடுத்த நான்காவது பெருந்தோட்டப் பயிராக அறிவித்தது ஏதோ ஞாபகத்தில் இருக்கிறது, நட்டவர்கள்தான் குறைவு. மத்திய அதிவேகப் பாதையின் பொத்துஹெர–கலகெதரப் பகுதிக்கான திட்டமும் இந்த வளவுகளின் தலைக்கு மேல் வருடக்கணக்காகத் தொங்குகிறது. பாதை வருமா, வந்தால் எந்த வளவால் என்று தெரியாத வீட்டில் பத்து வருடம் நிற்கப்போகும் மரத்தை யார் நடுவார்? கீரை நடுவார்கள். கீரைக்கு எட்டு வாரம் போதும்.

பிரிக்க வளவே இல்லாதவர்கள் இதே மாவட்டத்தின் மறுபக்கத்தில் இருக்கிறார்கள். 2022 நெருக்கடியில் உலக உணவுத் திட்டம் எடுத்த கணக்கில், உணவு நிச்சயமில்லாத குடும்பங்கள் அதிகம் இருந்தது நகரத்திலோ கிராமத்திலோ அல்ல, பெருந்தோட்டங்களில். அங்கே பாதிக்கும் மேற்பட்ட குடும்பங்கள். நாட்டுக்கே வீட்டுத்தோட்டம் செய்யச் சொன்ன அந்த வருடத்தில் லயத்துக் காம்பராக்காரருக்குத் தோட்டம் என்றால் கொழுந்து பறிக்கும் இடம். லயத்துக்குப் பக்கத்தில் பாத்தி பிடித்துக் கீரையும் லீக்ஸும் போடுகிறவர்கள் உண்டு, ஆனால் நிலம் கம்பனியினுடையது. வேண்டியபோது எடுத்துக்கொள்ளும்.

மலையகத்துக்கான இந்திய வீடமைப்புத் திட்டத்தின் முதற்கட்ட வீடுகள் ஏழு பேர்ச் நிலத்தில், 550 சதுர அடியில் கட்டப்பட்டன. ஏழு பேர்ச் என்றால் சுமார் 177 சதுர மீற்றர். வீட்டுக்கு 51 சதுர மீற்றர் போனால் 126. படிக்கட்டு, குழி, மண்தடுப்பு, வழி எல்லாம் போக ஓர் அடுப்படி ஓரம் கட்டாயம் மிஞ்சும். அடுத்த கட்டத்தில் இது பத்துப் பேர்ச் ஆகியிருக்கிறது. இப்போது அளந்து கொண்டிருக்கும் துண்டுகளில் சரிவு எந்தப் பக்கம், குழாய் எங்கே, குசினித் தண்ணீர் எந்த வழியாக வெளியேறும் என்பதை வீட்டு வரைபடம் கீறும்போதே முடிவு செய்துவிடலாம். கட்டி முடித்த பிறகு சீமெந்து உடைத்துப் பாத்தி பிடிக்க யாருக்கும் வசதியில்லை. அந்த வரைபடங்கள் இருக்கும் அலுவலகத்தில் ஒரு விவசாயப் போதனாசிரியருக்கும் ஒரு கதிரை போட வேண்டும். உறுதியில் மனைவியின் பெயரும் இருக்க வேண்டும், பாத்தியில் நிற்கப் போவது அவர்தான்.